ஜெனீவாவில் இலவச டிராம்: யாருக்கு, யார் செலவில்?

செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் இவ்வேளையில், மனுக்களைக் கட்டிக்கொண்டு ஜெனீவா செல்கிறவர்களும், அவர்களுக்குத் துணையென்று சொல்லிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்களும் நமது காரியாலயத்துக்கு எழுதுகிற கடிதங்களில் ஒரே சந்தேகம் பல ரூபங்களில் வந்துகொண்டிருக்கிறது. அந்நகரத்தில் டிராம், பஸ், ரயில், படகு யாவும் இலவசமாமே, வெறுங்கையுடன் ஏறி உட்காரலாமா என்பது ஒருவர் கேள்வி. தங்கை வீட்டில் தங்கப்போகிறேன், இலவசச் சீட்டை விமான நிலையத்தில் எந்த ஜன்னலில் கொடுக்கிறார்கள் என்பது மற்றொருவர் கேள்வி. இரண்டாமவருக்குச் சொல்லவேண்டிய பதில் கசப்பானது. தங்கை வீட்டில் தங்குகிறவருக்கு எந்த ஜன்னலிலும் ஒன்றும் கிடைக்காது.

இலவசம் என்று பிரஸ்தாபிக்கப்படுவது ஜெனீவா போக்குவரத்து அட்டை என்ற ஒன்று. ஹோட்டல், இளைஞர் விடுதி, கூடார முகாம் ஆகியவற்றில் பதிவு செய்து தங்குகிறவர்களுக்கு, அவரவர் பெயரும் தேதிகளும் குறித்து, இப்போது பெரும்பாலும் கைபேசி வழியாகவே வழங்கப்படுகிறது. தங்கும் நாட்கள் முழுவதும் பத்தாம் மண்டலம் எனப்படும் ஜெனீவா பிரதேசத்துக்குள் டிராம், பஸ், இரண்டாம் வகுப்பு ரயில், ஏரியைக் குறுக்கே கடக்கும் சிறு மஞ்சள் படகுகள் ஆகிய எல்லாவற்றிலும் அது செல்லும். இதை விருந்தினருக்கு நகரம் அளிக்கும் அன்பளிப்பு என்று சுற்றுலா விளம்பரங்கள் வர்ணிக்கின்றன. அன்பளிப்பு என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு ஹோட்டல் ரசீதின் அடிவரிகளைப் பார்த்தால் போதும். அங்கே ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சில ஃபிராங்குகள் தங்கல் வரியாக எழுதப்பட்டிருக்கும். அட்டையின் செலவு அந்த வரியிலிருந்துதான் வருகிறது. வாசலிலேயே மொய்யை எழுதி வாங்கிக்கொண்டு, பந்தியில் இலை போடும்போது எல்லாம் எங்கள் அன்பு என்று சொல்கிற கல்யாண வீட்டுக்காரரின் உபசாரம் இது.

இதில் சாமர்த்தியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அறையிலேயே படுத்திருக்கிற வியாபாரியும், வாடகைக் காரில் உலவுகிற தனவந்தரும், காலை முதல் இரவு வரை டிராம் மாறி டிராம் ஏறுகிற மாணவனும் ஏறக்குறைய ஒரே விதமாக வரி கட்டுகிறார்களாதலால், ஏறாதவன் பணத்தில் ஏறுகிறவன் பிரயாணம் செய்கிறான். எப்படியும் ஓடவேண்டிய வண்டியில் காலியாகக் கிடக்கும் ஆசனத்துக்கு, ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், போக்குவரத்து ஸ்தாபனத்துக்கு நிச்சயமான ஒரு வருமானம் வந்து சேருகிறது. விருந்தினர்கள் காரை விட்டுவிட்டு வருவதால் காற்று சுத்தமாகிறது என்று அதிகாரிகள் கூடுதலாக ஒரு புண்ணியத்தையும் சேர்த்துச் சொல்வதுண்டு. விமானத்தில் வந்து இறங்கியவனிடம் விட்டுவருவதற்குக் கார் ஏது என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒரேயடியாக இலவசம் என்று செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, சுவிஸ் அரசியல் சாசனமே குறுக்கே நிற்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. 2014 பிப்ரவரியில் ரயில்வே முதலீட்டுக்காக மக்கள் வாக்களித்துச் சேர்த்த 81அ ஷரத்தின் இரண்டாம் பிரிவு, பொதுப் போக்குவரத்தின் செலவில் தக்கதொரு பங்கு பிரயாணிகள் கொடுக்கும் கட்டணத்திலிருந்து வரவேண்டும் என்கிறது. ஃபிரிபூர் மாநிலத்தில் எல்லோருக்கும் இலவசப் போக்குவரத்து வேண்டும் என்று ஒரு மக்கள் முன்மொழிவு எழுந்தபோது, அந்த மாநிலச் சட்டசபை அது செல்லாது என்று தள்ளியதை 2023இல் சமஷ்டி நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆகவே அந்நாட்டில் சகலருக்குமான தானம் சட்டவிரோதம்; யாராவது ஒருவர் எங்கேயாவது கொடுத்தே தீரவேண்டும். அப்படிக் கொடுப்பவன் வெளியூர்க்காரனாகவும், கொடுப்பதை அவனே அறியாதவனாகவும் இருந்துவிட்டால் உள்ளூரில் யாருக்கும் மனஸ்தாபம் உண்டாவதில்லை என்பதே விருந்தினர் அட்டையின் ரகசியம் என்று நான் கருதுகிறேன்.

எஸ்தோனியத் தலைநகரான தால்லினில் இதே யந்திரம் தலைகீழாகச் சுற்றுகிறது. அங்கே 2013 ஜனவரி முதல் நகரவாசி என்று பதிவு செய்துகொண்டவருக்கு இலவசம், விருந்தினருக்குக் கட்டணம். பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொருவருடைய வருமான வரியிலும் நகராட்சிக்கு ஒரு பங்கு வருவதால், பஸ்ஸைக் காட்டி வரிதாரர்களைச் சேர்த்துக்கொண்டது அந்நகரம். லக்ஸம்பர்க் ஒன்றுதான் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதிலும், ரயிலின் முதல் வகுப்பு நீங்கலாக, நீ யார், எங்கே தங்குகிறாய் என்று கேளாமல் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறது. அதுவும் வரிப்பணம்தான், ஆனால் அங்கே யாரும் அதை அன்பளிப்பு என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

ஜெனீவா முறையில் என்னை உறுத்துவது அதன் வாசலில் நிற்பவர்களைப் பற்றிய விஷயம். ஹோட்டலுக்குப் பணம் கொடுக்கச் சக்தியுள்ளவர் அட்டை பெறுகிறார். அந்தச் சக்தி இல்லாமலோ, அண்ணன் வீடு இருக்கும்போது ஹோட்டல் எதற்கு என்ற உறவுமுறையாலோ உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரிப்பவர் முழுக் கட்டணம் கொடுக்கிறார். சுவிஸில் உள்ள தமிழ்க் குடும்பங்களைப் பார்க்க வருகிற தாய் தந்தையரில் ஹோட்டலில் தங்குபவர் அபூர்வம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 2025 ஜனவரி முதல் ஜெனீவாவில் வசிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் சீட்டு இலவசமாக்கப்பட்டுவிட்டதால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாட்டியைக் கையைப் பிடித்து டிராமில் ஏற்றுகிற பேரன் இலவசமாகப் போகிறான்; பாட்டி காசு கொடுக்கிறாள். பாட்டி தங்கல் வரி கட்டவில்லையே என்று நியாயம் பேசலாம். நியாயம்தான். ஆனால் இலவசம் என்ற சொல்லை விளம்பரத்தில் அவ்வளவு பெரிய எழுத்தில் போடாமல் இருந்திருக்கலாம்.

ஏறும்போது தடுக்கும் கதவோ, சீட்டுக் கிழிக்கும் நடத்துனரோ இல்லாத காரணத்தால், சீட்டு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவது புதியவர்களுக்கு இயல்பு. பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள். அபராதம் ஏறக்குறைய நூறு ஃபிராங்க். மொழி தெரியாது என்ற சமாதானம் எடுபடாது. அட்டை உள்ளவர்களும் கவனிக்கவேண்டிய இடம் பிரெஞ்சு எல்லை. பன்னிரண்டாம் எண் டிராம் எல்லையோரத்து முவாயெஸுலாவில் நின்றுவிடுகிறது. பதினேழாம் எண்ணோ, எவ்வித அறிவிப்புச் சடங்கும் இல்லாமல், பிரான்ஸின் ஆன்மாஸ் வரை போய்விடுகிறது. எல்லைக்கு அப்பால் அட்டை செல்லாது. ஸலேவ் மலையின் கம்பிவட வண்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள், எட்டாம் எண் பஸ்ஸில் வேரியே சுங்கச்சாவடி நிறுத்தம் வரை அட்டையிலேயே சென்று, எல்லையை நடந்து கடந்தால் செலவு மிச்சம். கம்பிவட வண்டிக்குத் தனிச் சீட்டு.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக:

விமான நிலையத்திலிருந்து? பெட்டிகள் வரும் கூடத்தில் முன்பு இலவசச் சீட்டு தந்த யந்திரம் இப்போது இல்லை. ஹோட்டல் அட்டையை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் சீட்டு வாங்குங்கள்.

பேரவை மண்டபத்துக்கு? பதினைந்தாம் எண் டிராம், நாஸியோன் நிறுத்தம். மூன்று கால் நாற்காலிச் சிற்பம் கண்ணில் படும்.

செர்ன் ஆராய்ச்சிக் கூடம்? பதினெட்டாம் எண் டிராமின் கடைசி நிறுத்தம்.

பெரிய ஏரிக் கப்பல்கள்? சேராது.

லோசான், மொந்த்ரு? அவ்வூர்களுக்கு அவ்வவற்றின் விருந்தினர் அட்டை உண்டு. ஜெனீவாவிலிருந்து அங்கே போகும் ரயிலுக்குக் கட்டணம்.

பாசல், பேர்ன்? ஹோட்டலில் தங்கினால் உண்டு. வந்திறங்கும் நாளில் முன்பதிவுக் கடிதத்தையே காட்டி ஹோட்டலுக்குப் போகலாம்.

சூரிச்? அங்கே விற்கப்படும் சூரிச் அட்டை காசு கொடுத்து வாங்கவேண்டியது.

நண்பரின் அட்டையில் நான் போகலாமா? கூடாது, பெயர் எழுதியிருக்கிறது, கடவுச்சீட்டைக் கேட்பார்கள்.

தனியார் வீட்டில் வாடகை அறை? வரி கட்டிப் பதிவு செய்தவரா, அட்டை தருவாரா என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.