கிணறு ஒன்று, அலுவலகம் ஐந்து

மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருந்து அலுத்த விவசாயி, ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் போர் மோட்டார் தானாக ஓடுகிறது. வாய்க்கால் நிரம்பி வழிந்தாலும் நிறுத்த ஆளில்லை. இதை அலட்சியம் என்பது அநியாயம். வரும் நேரம் உறுதியில்லாத மின்சாரத்தை வந்தபோதே பயன்படுத்திக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அந்த மின்சாரம் அவருக்கு இலவசம்; ஆனால், எளிதில் கிடைத்தது அல்ல. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1972-ல் விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரமே போராட வந்த மாட்டுவண்டிகளால் நிறைந்தது. இன்று தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. உயிர் கொடுத்துப் பெற்ற இந்த உரிமையைப் பறிக்க எவரும் நினைக்கக் கூடாது. ஆனால், கிணறு வற்றிவிட்டால் இலவச மின்சாரத்தை வைத்து என்ன செய்வது?

நீர்மட்டம் இறங்க இறங்க, அதே தண்ணீரை மேலே கொண்டுவரக் கூடுதல் மின்சாரம் வேண்டும். மோட்டாரின் குதிரைத்திறன் ஏறும். விவசாயியின் கடனும் அரசின் மானியச் சுமையும் கூடவே ஏறும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே கணக்குதான். நாம்தான் அதைத் தனித்தனி நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறோம். இணைப்பு கொடுப்பது மின்வாரியம். நீர்மட்டத்தை அளப்பது நீர்வளத் துறை. சொட்டுநீருக்கு மானியம் தருவது தோட்டக்கலைத் துறை. சூரியசக்தி பம்ப்செட் வேளாண் பொறியியல் துறையிடம். ஊரக வேலைத் திட்டத்தில் குளம் தூர்வாருவது ஊரக வளர்ச்சித் துறை. ஐந்தும் வந்து சேரும் இடம் ஒரே கிணறு.

சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு குஜராத்தைப் பார்க்கலாம். 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீடுகளுக்கும் வயல்களுக்கும் மின்பாதைகளைப் பிரித்தார்கள். ஊருக்கு நாள் முழுக்க மின்சாரம். வயலுக்கு நேரம் சொல்லி, முழு அழுத்தத்தில் 8 மணி நேரம். அதே காலத்தில் சௌராஷ்டிரத்தில் தடுப்பணைகள் பெருகின. 2005-ல் நுண்ணீர்ப் பாசனத்துக்கென்றே ஒரு நிறுவனம் அமைந்தது. குறையும் இருந்தது. இறைக்கும் நேரம் கட்டுப்பட்டதால், பக்கத்துக் கிணற்றில் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகைதாரர்கள் நெருக்கடிக்கு ஆளானார்கள். அவர்களையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

பஞ்சாப் இன்னொரு பாடம். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் சட்டம் போட்டு நெல் நடவைத் தள்ளிவைத்தார்கள். அறுவடையும் தள்ளிப்போனது. நெல்லின் அடித்தாளை எரிக்கும் காலம், காற்று அசையாத குளிர்காலத் தொடக்கத்துக்கு நகர்ந்து, டெல்லிவரை புகை மூட்டத்தைக் கூட்டியது. தண்ணீரை மட்டும் பார்த்தவர்கள் காற்றைப் பார்க்கத் தவறினார்கள்.

இப்போது சூரியசக்தி பம்ப்செட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. 2019-ல் தொடங்கிய மத்திய அரசின் குசும் திட்டம் இதற்கு மானியம் தருகிறது. வெயில் இருக்கும்வரை செலவே இல்லை என்றால், இறைப்பதை நிறுத்தக் காரணமும் இல்லை. இந்தச் சிக்கலுக்கு குஜராத்தின் துண்டி கிராமத்து விவசாயிகள் வழி காட்டினார்கள். 2016-ல் கூட்டுறவு அமைத்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை மின்நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்றார்கள். இறைக்காமல் விட்ட தண்ணீர் வருமானமாக மாறியது.

நமக்கும் இது கைகூடும். ஒரு மின்பாதையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை ஊர் அறிய எழுதி வைப்போம். பகலில், சொன்ன நேரத்தில் மின்சாரம் வரட்டும். புதிய பம்ப்செட்டுக்கு ஒப்புதல் தரும்போதே சொட்டுநீர்க் குழாயும், அருகிலுள்ள குளத்தைத் தூர்வாரும் வேலையும் ஒரே கோப்பில் நகரட்டும். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயியின் கணக்கில் பணம் சேரட்டும். ஐந்து துறை அதிகாரிகளும் ஒரே நாளில், ஒரே கிணற்றடியில் அந்த விவசாயியோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லாத இரவுகள் அங்கிருந்துதான் தொடங்கும்.