மழை வருமா, வராதா?
கைப்பேசி சொல்லும் சேதி

"இன்று வடகம் பிழியலாமா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்வி எழுந்தால், பாட்டி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள். இப்போது பேரன் கைப்பேசியைப் பார்க்கிறான்.

"மழை வாய்ப்பு 40 சதவீதம், பாட்டி!" என்கிறான்.

பாட்டி விழிக்கிறாள். ஊரில் பாதி இடத்தில் மழையா? பாதி நாள் மழையா?

இரண்டும் இல்லை. இதே போன்ற நாள் 10 வந்தால், அவற்றில் 4 நாள் மழை பெய்யும். 6 நாள் பெய்யாது. அவ்வளவுதான்! வடகம் பிழியலாம். ஆனால், எடுத்து வைக்க வீட்டில் ஆள் இருக்கவேண்டும்.

வானிலைச் செயலியைத் திறக்க ஒரு விரல் போதும். அது சொல்வதைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

எத்தனை லிட்டர்?

மழையை மில்லி மீட்டரில் சொல்கிறார்கள். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள இடத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால், அது 1 லிட்டர் தண்ணீர். ஒரே நாளில் 64.5 மில்லி மீட்டர் பெய்தால் கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அந்தச் சிறிய இடத்தில் மட்டும் 204 லிட்டர்! தெரு என்ன ஆகும்?

நான்கு நிறங்கள்

எண் புரியாதவர்களுக்கு நிறம் இருக்கிறது. இந்திய வானிலைத் துறை 4 நிறங்களில் சேதி சொல்கிறது.

பச்சை: எச்சரிக்கை இல்லை.
மஞ்சள்: கவனமாக இருங்கள்.
ஆரஞ்சு: தயாராகுங்கள்.
சிவப்பு: உடனே பாதுகாப்பைத் தேடுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் இதை அறியலாம்.

மொழியும் இப்போது தடையில்லை. விவசாயிகளுக்காக 2019-ல் வந்த 'மேகதூத்' செயலி, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் யோசனை சொல்கிறது. தமிழக அரசின் 'டி.என். அலர்ட்' 2024-ல் வந்தது. அது தமிழிலேயே எச்சரிக்கை தருகிறது.

எட்டாத இடம்

ஆனால், செயலி எட்டாத இடமும் உண்டு. அது நடுக்கடல்!

2017 நவம்பர் 30-ந் தேதி, ஒக்கி புயல் குமரி முனையை ஒட்டிச் சென்றது. அப்போது ஏராளமான மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் உள்ள கைப்பேசிக் கோபுரத்தின் அலை அவ்வளவு தூரம் போகாது. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் வீடு திரும்பவே இல்லை.

எனவே, சேதியைப் பார்க்கவேண்டிய இடம் கரை. படகில் வலையை ஏற்றும் முன், ஒரு நிமிடம் நின்று நிறத்தைப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களும் பார்த்துச் சொல்லலாம்.

சிவப்பு என்றால், அன்று வலை காயட்டும்.