தோல் உரியும் பவளம்

விரல் நகத்தளவு பவளத் துண்டு ஒன்று. பீங்கான் வில்லையில் ஒட்டி, உப்புநீர்த் தொட்டியில் வைத்துப் பத்து நாள்தான் ஆகிறது. நேற்றுவரை அடி முதல் நுனி வரை பழுப்பாக இருந்தது. இன்று காலை அடியில், சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு வெள்ளைப் பட்டை. வளர்ப்பவருக்கு வயிறு கலங்கிவிடும்.

மருந்தைத் தேடுமுன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்வது நல்லது. பவளத்தில் வெள்ளை இருவகை. சதைக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி வெளியேறிவிட்டால் பவளம் வெளிறும். ஆனாலும் கண்ணாடி போன்ற சதை அங்கேயே இருக்கும். பாலிப்புகள் என்னும் சிற்றுயிர்கள் அதிலிருந்து உணர்கொம்புகளை நீட்டும். அது பட்டினி கிடக்கும் உயிர். இன்னொரு வகையில் சதையே இருக்காது, வெறும் எலும்புதான் தெரியும். தொட்டியில் வளர்ப்போர் அஞ்சுவது இதற்குத்தான்.

பவளம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி சுண்ணாம்பு எலும்பு. உயிர் அதன்மேல் போர்த்திய மெல்லிய சதையில் இருக்கிறது. பாலிப்புகள் அந்தச் சதை வழியே ஒன்றோடொன்று இணைந்து, தின்றதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓரிடத்தில் காயம் பட்டால் அக்கம்பக்கத்துப் பாலிப்புகள்தான் அதை ஆற்றச் செலவழிக்கின்றன. தாய்ப் பவளத்திலிருந்து வெட்டுப்பட்டு, பையில் அடைபட்டுப் பயணம் செய்து, புது வெளிச்சத்துக்கும் புது நீருக்கும் வந்து சேர்ந்த சிறு துண்டிடம் அந்தக் கையிருப்பு குறைவு.

வெளிநாடுகளில் இத்துண்டுகள் பெரும்பாலும் தொட்டியிலேயே வளர்த்துக் கைமாறுபவை. நம் நாட்டில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடிப்பதும் குற்றம்.

சதை உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நீரின் தன்மையில் வரும் ஏற்ற இறக்கம். அதிலும் காரத்தன்மை. எலும்பு கட்டும் வேலை அதை நம்பியே நடக்கிறது. 8 அல்லது 9 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் நிலையாக நிற்கும் தொட்டியில் நலமாக இருக்கும் பவளம், 7க்கும் 11க்கும் இடையே ஊசலாடும் நீரில் விளிம்பிலிருந்து சதையைக் கைவிடத் தொடங்கும். வெப்பம் 25, 26 டிகிரியிலும், உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவிலும் நிற்கவேண்டும். அளவு பிசகியிருந்தாலும் ஒரே நாளில் சரிசெய்யப் போகக்கூடாது. நாளொன்றுக்கு அரை டிகேஹெச் நகர்த்தினால் போதும். தினமும் ஒரு மருந்து, மணிக்கொரு முறை இடமாற்றம் என்று பதறுகிறவர்களின் கையில்தான் அதிகத் துண்டுகள் சாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் சதை ஓரிரவில் பாதி உதிர்ந்தால் காத்திருக்கக்கூடாது. நலமான சதைக்குள் சற்றுத் தள்ளி வெட்டி, நோயுற்ற பகுதியை அப்புறப்படுத்த வேண்டும். மிஞ்சியதைத் தனிப் பாத்திரத்தில் தொட்டி நீரோடு அயோடின் கலந்து சில நிமிடம் முக்கியெடுத்து, கூழ்ப் பசையால் புது வில்லையில் ஒட்டலாம். அந்த நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக்கூடாது. செத்த எலும்பில் தட்டைப்புழுவின் முட்டைகள் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு மங்கிய வெளிச்சம், சளியும் கழிவும் தங்காத அளவுக்கு நீரோட்டம், அதற்குமேல் தொந்தரவின்மை.

ஆன்டிபயாடிக் போடலாமே என்ற ஆசை எழும். 2014இல் ஃப்ளோரிடாவின் மயாமி அருகே தலைகாட்டிய கல்பவளத் திசு இழப்பு நோய் 20க்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியபோது, கடலுக்குள் மூழ்கிப் புண்ணின்மேல் அமாக்சிசிலின் களிம்பு பூசினார்கள். பூசிய புண் பல பவளங்களில் நின்றது. வேறிடத்தில் புதுப் புண் வருவதை அது தடுக்கவில்லை. வீட்டுத் தொட்டியில் இதைக் கொட்டினால் நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் சாகும், சாக்கடைக்குப் போகும் மருந்து வேறு ஆபத்தை வளர்க்கும்.

அதே ஃப்ளோரிடாவில், மோட் கடல் ஆய்வகத்தில், பவள ஆய்வாளர் டேவிட் வாகன் ஒருமுறை தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட கடமான்கொம்புப் பவளத்தை எடுக்கும்போது அது உடைந்தது. சில பாலிப்புகள் மட்டும் அடியிலேயே தங்கிவிட்டன. செத்துவிடும் என்று விட்டுவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தால் அவை எதிர்பாராத வேகத்தில் பரவியிருந்தன. காயம்பட்ட விளிம்பு, இடம் இருந்தால், வேகமாகப் படர்கிறது. இன்று பவளத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கி வளர்த்துக் கடலில் நடும் முறைக்கு இதுவே தொடக்கம்.

வீட்டுத் தொட்டியிலும் அந்த விளிம்பைத்தான் பார்க்கவேண்டும். கந்தலாக, பிசிறடித்துத் தொங்கினால் உரிதல் தொடர்கிறது. உதடுபோல் உருண்டு தடித்திருந்தால் நின்றுவிட்டது. வெறும் எலும்பில் அதற்குள் பச்சைப் பாசி ஏறியிருக்கும். அதன் இழை சதையைத் தொடுமுன் மென்மையான பல்துலக்கியால் நீக்கிவிடலாம். சில வாரங்களில் அந்தத் தடித்த உதடு பாசி படிந்த எலும்பின்மேல் மெல்ல ஏறி வரும். அதன் நடுவே ஊசிமுனையளவு புள்ளி ஒன்று தோன்றும். புதுப் பாலிப்பின் வாய் அது.