டிரையர் ஏன் அளவுமீறிச் சூடாகிறது?

பஞ்சுத் தூசி எவ்வளவு விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், ஐப்பசி மழைக்கு அஞ்சி வாங்கிய டிரையருக்குள்ளும் அதே தூசிதான் சேர்கிறது என்பதை வீட்டில் மறந்துவிடுகிறோம். பருத்திப் பனியன் உதிர்க்கும் பஞ்சு, வடிகட்டியையும் காற்று வெளியேறும் குழாயையும் அடைத்துவிட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கும். துணி காய வழக்கத்தைவிட நேரமாவதே முதல் அறிகுறி. பிறகு தெர்மல் ஃபியூஸ் அறுந்துபோகும். அடைப்பை நீக்காமல் ஃபியூஸை மாற்றினால் மீண்டும் அறும். சிலர் செய்வதுபோல் கம்பியை நேராக இணைத்துவிடுவதோ இருக்கும் கடைசிக் காவலையும் அகற்றுவதாகும். அமெரிக்க வீடுகளில் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நேர்ந்தன. சுத்தம் செய்யாமையே முதன்மைக் காரணம் என்றது அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம். வடிகட்டியை ஒவ்வொரு முறையும், குழாயை ஆண்டுக்கு ஒருமுறையேனும், மின் இணைப்பைத் துண்டித்தபின் சுத்தம் செய்ய வேண்டும்.