டாக்டர் பெயரில் வரும் ஆரோக்கிய வியாபாரம்

சத்து மாவு, மாத்திரை விற்கும் நேரடி விற்பனைக் கம்பெனிகள் டாக்டர்களையும் நர்சுகளையும் முகவராக அழைப்பது புதிதல்ல. அவர்கள் சொன்னால் ஜனங்கள் வாங்குவார்கள். ஆனால் எந்த வணிகச் சரக்குக்கும் டாக்டர் சிபாரிசு தரக்கூடாது என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி.

ஆகவே, "டாக்டரே சேர்ந்துவிட்டார், நீங்களும் வாருங்கள்" என்று விழுப்புரம், திண்டிவனம் மளிகை வணிகர்களிடம் எவரேனும் வந்தால், வருமானம் சரக்கு விற்பதிலா, ஆள் சேர்ப்பதிலா என்று கேளுங்கள். ஆள் சேர்ப்புக்குப் பணம் தரும் பிரமிட் திட்டத்தை 2021 நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. தேங்கிய சரக்கைத் திரும்ப எடுப்பதாக எழுதி வாங்குங்கள். (வாய்ப்பேச்சு கல்லாவுக்கு உதவாது.)

டப்பாவில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் அது உணவுதான், மருந்தல்ல. 'சர்க்கரை நோய் தீரும்' என்று விளம்பரம் செய்வது 1954 சட்டப்படி குற்றம். போர்டு நம் கடை வாசலில் தொங்கினால், விசாரணையும் நம் கடைக்கே வரும்.