சுவரும் மூச்சு விடட்டும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணஞ் செய்துபார் என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைக் காத்துப்பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் ஏன் சேர்க்கவில்லை என நாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு. வன்னி மண்ணிலே பழைய வீடொன்றில் வாழும் குடும்பத்தினருக்கு இவ்வெண்ணம் ஆண்டுக்கு இரு முறை தவறாது எழும். சித்திரை வெயிலில் கூரை கொதிக்கும்போது ஒரு முறை. கார்த்திகை மழையில் சுவர் ஊறும்போது மற்றொரு முறை.

மாரிகாலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் கிராமங்களுக்குச் செல்வோர் இக்காட்சியைப் பல வீடுகளிற் காணலாம். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கும், சில இடங்களில் இடுப்பளவுக்கும் சுவரில் ஈரம் ஏறி நிற்கும். அதன் மேல்விளிம்பில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். சீமெந்துப் பூச்சு ஆங்காங்கே கொப்புளித்து, விரலால் தட்டினால் உள்ளே வெறுமை என்று காட்டும். அலுமாரியின் பின்னே பூஞ்சணம் படர்ந்திருக்கும். எத்தனையோ இடப்பெயர்வுகளில் நெஞ்சோடணைத்துக் காப்பாற்றிவந்த காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், காப்பாற்றிய வீட்டுக்குள்ளேயே நனைந்து கறுக்கும். தொய்வு நோயுள்ள முதியவரும் கைக்குழந்தையும் அந்த ஈரக்காற்றையே இரவு முழுவதும் சுவாசிப்பர். ஆகவே இதனைச் சுவரின் அழகைப் பற்றிய விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

இச்சுவர்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1936 ஆம் ஆண்டில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்திலும், 1950களில் வவுனிக்குளம் போன்ற குளங்கள் திருத்தப்பட்டதைத் தொடர்ந்த குடியேற்றங்களிலும் காடு வெட்டிக் களனியாக்கிய மக்கள், கிடைத்த மண்ணையும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு மனைகளை எழுப்பினர். போர் அவர்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தது. 2009 ஆம் ஆண்டின் பின்னர் திரும்பி வந்தோரிற் பலர் கண்டவை, கூரையும் நிலைகதவும் இழந்து மழையில் நனைந்து நின்ற வெறுஞ்சுவர்களே. பின்னர் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதுவீட்டுக்கு 550,000 ரூபாவும், சேதமுற்ற வீட்டைத் திருத்த 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. கையிலுள்ள பணம் சிறிது; மழை நெருங்குகிறது; குடும்பம் கொட்டிலில் இருக்கிறது. இந்நிலையில் நனைந்த பழஞ்சுவரின்மேல் அவசரமாகச் சீமெந்தைப் பூசி, அதன்மேல் வர்ணமும் தீட்டியவர்களை யாரே குறைகூற வல்லார்? ஆயினும் அந்த அவசரத்தின் பலனையே இன்று பல வீடுகள் அனுபவிக்கின்றன.

காரணம் யாதெனிற் கூறுவோம். செங்கல்லிலும் மண்ணிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அவை நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. மண்பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் அந்நீரைக் காற்றிலே ஆவியாகப் போகவிடும். ஆகையால் மழையில் ஊறிய சுவர் தை, மாசியில் உலர்ந்துவிடும். சீமெந்தோ நெருக்கமான பொருள். அதனைப் பூசியவுடன் ஈரத்துக்கு வெளியேறும் வழி குன்றுகிறது. வழி தேடி அது இன்னும் உயரமாக ஏறுகிறது. கரைந்து வந்த உப்பு பூச்சின் பின்னே திரண்டு பூச்சைத் தள்ளுகிறது. 1950 ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியபின் சீமெந்து நமக்குக் கைக்கெட்டும் பொருளாயிற்று. அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் புதுச்சுவருக்கு உகந்தது பழஞ்சுவருக்கும் உகந்ததென்று கொண்டதே நாம் செய்த பிழை.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நூற்றாண்டுகள் கடந்த மண்வீடுகள் இன்றும் நிற்கின்றன. மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பாதரட்சையும் போதும் என்பது அவ்வூர் மக்கள் வழக்கு. நம் முன்னோரும் அதனையே செய்தனர். தாழ்ந்திறங்கிய தாழ்வாரம் தொப்பி. உயர்த்திய திண்ணையும் குந்தும் பாதரட்சை. இடையிலுள்ள சுவரை அவர்கள் இறுக மூடவில்லை.

நோயை முதலில் அறிக

ஈரமெல்லாம் ஒரே வழியாக வருவதன்று. கூரையோட்டின் வழியாக வந்தால் சுவரின் உச்சியில் தொடங்கிக் கீழே ஒழுகும். நிலத்திலிருந்து வந்தால் அடியிலே தொடங்கும். பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்குமேல் ஏறாது. அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரிற் படிவதும் உண்டு. ஐயமிருந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஓரடிச் சதுரமான பிளாத்திக்குத் தாளொன்றைச் சுவரோடு பொருத்தி, நான்கு ஓரங்களையும் பசைநாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுக. தாளின் பின்புறத்தில் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறத்தில் துளிர்த்தால் அறைக்குள்ளிருந்து வருகிறது. பின்னதற்கு மேசன் வேண்டியதில்லை. ஈர உடைகளை உள்ளே காயவிடாது, யன்னல்களைத் திறந்து, அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கிடை தள்ளி வைத்தாலே பெருமளவு குணங்காணலாம்.

தலையும் காலும்

செலவு குறைந்த வேலையும் பலன் மிகுந்த வேலையும் கூரையிலும் அத்திவாரத்தடியிலுமே உள்ளன. புரட்டாதிக்குள் ஒருவரைக் கூரையிலேற்றி உடைந்த ஓடுகளை மாற்றுக. முகட்டோட்டின் சாந்தைப் பார்க்க. பீலிகளில் அடைந்த வேப்பஞ் சருகுகளை வாருக. தாழ்வாரம் சுவரைக் கடந்து இரண்டடியாவது நீண்டிருத்தல் நன்று. இல்லையேல் காற்றோடு வரும் சாரல் சுவரை நேரே தாக்கும்.

அடுத்து வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கிற் கூட்டி ஒதுக்கிய மண் சுவரோடு அணைந்து, திண்ணையளவுக்கு உயர்ந்திருக்கக்கூடும். அதனை வெட்டி அகற்றுக. முற்றம் வீட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரிதல் வேண்டும். சுவரை அடுத்த ஐந்தாறு அடிக்கு, அடிக்கு முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை சரிவிருப்பின் நீர் தங்காது. பாத்திரங் கழுவும் நீரும் குளிக்கும் நீரும் சுவரடியில் ஊறாமல் வாய்க்காலிட்டு வாழைக்கு விடுக. சுவரோடொட்டி பூச்செடி நட்டு நாள்தோறும் நீரூற்றுவது சுவருக்கே நீரூற்றுவதாகும். ஈரம் நின்றால் கறையானுக்கும் இடங்குறையும்.

2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் பரந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தை வாய்க்கால் தடுக்காது. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் சுவர் எத்தனை விரைவில் உலரும் என்பதை இவ்வேலைகளே தீர்மானிக்கும்.

சுவருக்குச் செய்யவேண்டியது

கொப்புளித்த சீமெந்துப் பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரையடி வரை மெதுவாகக் கொத்தி நீக்குக. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அப்புறப்படுத்துக. நீர்விட்டுக் கழுவினால் அது மீண்டும் உள்ளே போய்விடும். பின்னர் பொறுமை வேண்டும். தை முதல் ஆவணி வரை ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தவாறே விடுதல் சாலச் சிறந்தது. வரவேற்பறைச் சுவர் செங்கல் தெரிய நிற்பது இல்லத்தரசியருக்கு மனத்தாங்கலாகவே இருக்கும். எனினும் சோளகக் காற்றைவிட மலிவான வைத்தியன் கிடையாது.

உலர்ந்தபின் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்த சாந்தை மெல்லிய படைகளாகப் பூசுக. ஒவ்வொரு படையையும் சில நாட்கள் கடுவெயில் படாமல், இலேசான ஈரத்தோடு காக்க. மேலே பிளாத்திக்கு வர்ணம் வேண்டாம், வெள்ளையடித்தலே போதும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அடிச்சுவரை வெட்டித் தாரும் சீமெந்துச் சாந்தும் கொண்ட ஈரத்தடுப்புப் படையைப் புகுத்தும் முறையும் உண்டு. போரில் அதிர்ந்த சுவர்களில் அது ஆபத்தானது. தேர்ந்த தொழில்நுட்பவியலாளரின் ஆலோசனையின்றி அதில் இறங்கவேண்டாம்.

வெப்பம் வரும் வழி

வன்னி ஏறக்குறைய வட அகலக்கோடு 9 பாகையில் உள்ளது. ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் இறுதியிலும் உச்சிப்பொழுதுச் சூரியன் நம் முகட்டின்மேல் நேர்நிற்கிறது. வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. களிமண் ஓடுகளின் இடைவெளிகளால் சூடு ஓரளவு வெளியேறும். கள்ளிக்கோட்டை ஓட்டையும், போருக்கு முன் ஒட்டுசுட்டானில் இயங்கிய தொழிற்சாலையின் ஓட்டையும் முதியோர் இன்றும் பெருமையோடு பேசுவதற்கு இது ஒரு காரணம். தகரத்துக்கு அந்தக் குணமில்லை. 2016 ஆம் ஆண்டளவில் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் யோசனை வந்தபோது, நம் வெயிலுக்கு அவை ஒவ்வுமா என்று பலர் வினவியதும் இக்காரணம் பற்றியே.

கூரையை மாற்ற இயலாதோர் அதன் கீழே ஒரு தட்டு அமைக்கலாம். பனையோலைத் தட்டியோ பலகையோ எதுவாயினும், கூரைக்கும் அதற்கும் இடையே காற்று உலாவ வேண்டும். முகட்டுச் சுவர்கள் இரண்டிலும் வலையிட்ட துவாரங்கள் வைத்தாற் சூடு வெளியேறும். பளபளக்கும் அலுமினியத் தாளைக் கைமரங்களின் கீழே, பளபளப்பு நிலத்தை நோக்க, ஓரங்குலத்துக்குக் குறையாத வெளிவிட்டு அடிப்பதும் நல்ல பயன் தரும். பஞ்சும் வைக்கோலும் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணத்துக்கும் எலிக்கும் இல்லமாகும், அவற்றைத் தவிர்க்க. தகரத்தின்மேல் கிடுகு பரப்புவோர் மாரிக்கு முன் அதனை இறக்கிவிடுதல் நலம். அல்லாவிடில் தகரம் துருவேறும். அடுப்புப் புகை எழும் குசினிக்கு ஓலைத்தட்டு ஆகாது.

அஸ்பெஸ்டஸ் தகடு வேய்ந்தோருக்கு ஓர் எச்சரிக்கை. அதனை அறுக்கவோ, துளையிடவோ, உலர்ந்த நிலையிற் சுரண்டவோ கூடாது. அதன் நுண்ணிழைத் தூசு சுவாசப்பையிற் புகுந்து புற்றுநோயை விளைவிக்கும். எவ்வகை அஸ்பெஸ்டஸும் இத்தகையதே என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

மேற்குச் சுவருக்குப் பதினைந்து இருபது அடி தள்ளி ஒரு வேம்பு நிற்குமாயின் பிற்பகல் வெயிலின் கடுமை தணியும். கோடையில் நண்பகலில் யன்னலைச் சாத்தி, மாலையிலும் இரவிலும் திறப்பது தடித்த சுவருள்ள வீட்டுக்கு ஏற்றது. மாரியிலோ மழை விட்டு வெயில் எறிக்கும் ஒவ்வொரு வேளையும் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட வேண்டும்.

இவற்றை ஒரே ஆண்டில் முடிக்க எக்குடும்பத்தாலும் இயலாது. முதலாண்டு கூரையும் வாய்க்காலும், அடுத்த கோடை சுவர், அதன்பின் தட்டு என்று முறைவைத்துக் கொள்ளலாம். முதலாண்டு வேலைக்கு மண்வெட்டியும் ஏணியும் இரண்டு நாள் உழைப்புமே பெரும் மூலதனம். அதுவரை காணி உறுதியைச் சுவரலுமாரியிலிருந்து எடுத்து, உலர்ந்த பெட்டியில் உயரத்தில் வையுங்கள். குழந்தையின் பாயையும் ஈரச்சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். இவ்விரண்டையும் இன்றிரவே செய்யலாம்.