பஸ்ஸிலேயே மூணு சீமை!



போன செமஸ்டரில் ஒரு ஃப்ரீ பீரியட். கடைசி பெஞ்சில் எங்கள் செட் பையன் ஒருவன் பெருமூச்சு விட்டான். "ஐரோப்பாவுல பால்டிக் கடல் ஓரமா எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியான்னு மூணு நாடு இருக்காம்டா. காலையில ஒண்ணுல டீ குடிச்சிட்டு பஸ் ஏறினா, ராத்திரி மூணாவது நாட்டுல போய்ச் சாப்பிடலாமாம். நமக்கெல்லாம் எப்ப வாய்க்கப் போவுது?"

நான் சொன்னேன்: "அதுக்கு ஏன்டா அவ்வளவு தூரம்? திருப்பனந்தாள்ல பஸ் ஏறு. சாயங்காலத்துக்குள்ள டேனிஷ்காரன் ஊர், பிரெஞ்சுக்காரன் ஊர், டச்சுக்காரன் ஊர் மூணையும் பார்த்துடலாம்." யாரும் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவன் சொன்னதைப் பார்த்துவிடுவோம். தாலின், ரீகா, வில்னியஸ் இந்த மூன்றும் அந்த மூன்று நாட்டுத் தலைநகரங்கள். தாலினிலிருந்து ரீகா 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ரீகாவிலிருந்து வில்னியஸ் கிட்டத்தட்ட 300. ஒவ்வொன்றும் பஸ்ஸில் நாலு, நாலரை மணி நேரம். 2007 டிசம்பரில் மூன்று நாடுகளும் ஷெங்கன் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டதால் எல்லையில் பாஸ்போர்ட் காட்டி வரிசையில் நிற்கும் வேலை பொதுவாக இல்லை. ஆக அவன் சொன்னது உண்மைதான்.

இப்போது நம் கணக்கு. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1இல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தார்கள், 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மூன்று ஊருக்கும் நடுவில் மொத்தமே முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்! (இன்னொரு வேடிக்கை: தாலின் என்ற பெயருக்கே 'டேனிஷ்காரர் ஊர்' என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.)

சரி, எப்படிப் போவது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் டெல்டாவில் ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. பழைய ரோடுகள் பலவும் ஆற்றங்கரையை ஒட்டியே போகின்றன. அதனால் கிழக்கு மேற்காகப் போவது சுலபம். கும்பகோணம் - மயிலாடுதுறை பஸ் கையைக் காட்டினால் நிற்கிற மாதிரி அடிக்கடி வரும். வடக்கு தெற்காகப் போவதுதான் பாடு. ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பாலம் வேண்டும், பாலம் இருக்கிற இடத்துக்கு ரோடு சுற்றிப் போக வேண்டும். மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்து 'இருபது கிலோமீட்டர்தானே' என்று கிளம்பினால் ஏமாந்து போவீர்கள். தூரத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று பாருங்கள். மாறுகிற ஊர்கள் தெரிந்துவிட்டால் டெல்டாவே கைக்குள் வந்துவிடும்.

நம் ஊரில் ரயில் கிடையாது. எனவே முதல் மாற்றம் ஆடுதுறை. கஞ்சனூர், சூரியனார்கோயில், திருமங்கலக்குடி தாண்டிக் காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் ஆடுதுறை. (ஆடுதுறை 43 நெல்லைச் சாப்பிடாதவர் நம்மில் யார்? அந்த ஆராய்ச்சி நிலையம் இங்கேதான்.) அங்கே மயிலாடுதுறை வண்டி பிடிக்கலாம். பந்தநல்லூர், மணல்மேடு வழியாகவும் போகலாம். ஆனால் அது ஊர் ஊராக நின்று போகும், அவசரத்துக்கு ஆகாது.

மயிலாடுதுறையில் ஒரு எச்சரிக்கை. 'காரைக்கால்' என்று போர்டு பார்த்தவுடன் ஓடிப்போய் ஏறிவிடாதீர்கள்! பேரளம், திருநள்ளாறு வழியாகப் போகிற வண்டியும் காரைக்கால்தான். அதில் ஏறினால் தரங்கம்பாடியைக் கண்ணாலேயே பார்க்க முடியாது. நமக்கு வேண்டியது செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழி. போர்டில் பெரிய எழுத்தைவிட 'வழி' என்று சின்னதாக எழுதியிருப்பதுதான் முக்கியம். புரியாவிட்டால் கண்டக்டரிடம் "அண்ணே, திருக்கடையூர் போவுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது. 1926இல் மயிலாடுதுறையிலிருந்து போட்ட மீட்டர் கேஜ் பாதை 1986இல் மூடப்பட்டது. அதன் பிறகு பஸ்தான் கதி. மெயின் ரோட்டில் இறங்கிக் கிழக்கே நடந்தால் 1792இல் கட்டிய நகர வாசல், அதைத் தாண்டி நேரே போனால் கடலும் டான்ஸ்போர்க் கோட்டையும். நம்மைப் போன்ற டெக்னிக்கல் படிப்புக்காரர்கள் அங்கே இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சீகன்பால்கு பாதிரியார் தமிழ் எழுத்துகளை வைத்து அச்சு இயந்திரம் ஓட்டியது இந்த ஊரில்தான். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

அங்கிருந்து தெற்கே காரைக்கால் வண்டி. நண்டலாறு தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம்! டிக்கெட் மாறாது, பாஷை மாறாது, டீயின் ருசிகூட மாறாது. கடைப் போர்டுகளைப் பார்த்தால்தான் எல்லை தாண்டியது தெரியும். பஸ்ஸில் நம்மை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் திரும்பத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் சில சமயம் போலீஸ் ஏறிப் பைகளைத் தடவிப் பார்ப்பதுண்டு. எதைத் தேடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

காரைக்காலிலிருந்து ரயிலா, பஸ்ஸா? இரண்டும் உண்டு. நாகூர் - காரைக்கால் பாதை 2011இல்தான் திறந்தது. அரசலாறு, திருமலைராயனாறு, வெட்டாறு எல்லாம் கடலைத் தொடப் போகிற இடம் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாலம் பாலமாக வரும். நாகூரில் இறங்கி தர்கா பார்த்துவிட்டு நாகை போகலாம்.

நாகை வந்ததும் ரயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போட்ட பாதை தென்னாட்டின் பழைய பாதைகளில் ஒன்று. அது முதலில் பிராட் கேஜாகவே போடப்பட்டது! 1870களில் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூற்றிச்சொச்சம் வருடம் கழித்து மறுபடி பெயர்த்து பிராட் கேஜ் ஆக்கினார்கள். 1676 மில்லிமீட்டர், 1000 மில்லிமீட்டர், திரும்பவும் 1676. சர்வே கிளாஸில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் பாதை மூடிக் கிடந்த காலத்தில் ஊர்க்காரர்கள் பட்ட கஷ்டம் சிரிப்பில்லை. மயிலாடுதுறை - திருவாரூர் 2012இல்தான் திறந்தது. திருவாரூர் - பட்டுக்கோட்டை 2019இல். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி 2023இல்.

பால்டிக் நாடுகளிலும் இதே தலைவலிதான். அங்கே ரஷ்யர் காலத்து 1520 மில்லிமீட்டர் பாதை, பக்கத்துப் போலந்தில் 1435. வில்னியஸிலிருந்து வார்சா போகிறவர் மோக்காவா என்ற ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டிக்கு மாற வேண்டும். நம் திருச்சி ஜங்ஷனில் மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு ஓடிய பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இந்தத் தொல்லை தீரத்தான் அவர்கள் ரயில் பால்டிகா என்று 870 கிலோமீட்டருக்குப் புதுப் பாதையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பஸ் விஷயத்தில் நாம் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல. 1972இல் கும்பகோணத்தில் ஆரம்பித்த சோழன் போக்குவரத்துக் கழகம் 1997இல் பெயர் மாறியது. எங்கள் அப்பா இன்றைக்கும் 'சோழன் வண்டி' என்றுதான் சொல்வார். தாலின் நகரம் தன் குடிமக்களுக்கு 2013இல் இலவசப் பயணம் கொடுத்தது. நம்மிடம் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் கிளாஸ் தோழிகள் சிலர் டிப்ளமோ முடிப்பதற்கே அதுவும் ஒரு காரணம் என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, நான் மாட்டிக்கொண்ட கதை. இந்தச் சுற்றை நான் முதலில் போனது போர்டு பிராக்டிகலுக்கு முதல் நாள். (திட்டாதீர்கள்!) காரைக்காலில் ரயில் நேரத்தைப் பழைய அட்டவணையில் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், வண்டி எப்போதோ போய்விட்டது. பிறகு பஸ்ஸில் நாகை, திருவாரூர், அங்கிருந்து கும்பகோணம். வந்து சேரும்போது ராத்திரி பதினொன்றரை. நம் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்டது. சென்னை வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு கண்டக்டர், "தம்பி, நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது" என்று கதவை அடைத்தார். இரண்டாமவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வண்டியில் ஒரு பெரியவர், "என்னப்பா, படிக்கிற புள்ளையா? நாளைக்குப் பரீட்சையா? ஏறிக்க. படியில நிக்காத" என்றார்.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் நாலுவழிச் சாலை 50 கிலோமீட்டர் திறந்தாகிவிட்டது. தூர வண்டிகளுக்கு வேகம் கூடிவிட்டது. எனவே ராத்திரியில் ஏறுமுன், "நிக்குமா?" என்று மட்டும் கேட்காமல், "ஊருக்குள்ள வருமா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் என்னைக் கடைத்தெரு முனையில் இறக்கிவிட்டபோது மணி பன்னிரண்டரை. வீட்டுக்குப் போனால் ரெக்கார்டு நோட்டில் இரண்டு படம் பாக்கி.